எத்தனை மணி நேரம் என்று கேட்பதற்கு முன்: இளையோரின் டிஜிட்டல் ஊடகப் பயன்பாடும் வாழிடச் சூழலும்

பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் செல்போன் பார்க்கலாம்? கேட்பவரின் கவலை உண்மையானது. விடையாக ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் கேட்டவருக்கும் நிம்மதி, சொன்னவருக்கும் நிம்மதி. ஆனால் அந்த எண்ணைச் சொல்லும் முன் இன்னொன்றைத் தெரிந்துகொண்டாக வேண்டும். அந்தப் பிள்ளை எங்கே வாழ்கிறது? சேலம் அம்மாபேட்டையில் தறி ஓடும் வீட்டிலா, ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தின் லைன் வீட்டிலா (தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய வீடு), சேர்வராயன் மலையின் உட்கிராமம் ஒன்றிலா, மாணவர் விடுதியிலா, ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் தனி அறையும் வைஃபையும் உள்ள வீட்டிலா? இந்த ஐந்து இடங்களிலும் ஒரே வயதுப் பிள்ளைகள் தலைக்கு மூன்று மணி நேரம் திரையைப் பார்ப்பதாக வைத்துக்கொண்டால், கடிகாரக் கணக்கு ஒன்றாக இருந்தாலும் அந்த நேரத்தில் நடப்பது ஒன்றாக இருக்காது. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளப் பயன்படும் சில அடிப்படைக் கருத்துகளை, சேலத்தையும் அதன் மலையையும் வைத்தே இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். டிஜிட்டல் ஊடகம் என்று இங்கே குறிப்பிடுவது செல்போன், கணினி, இணையத்தோடு இணைந்த தொலைக்காட்சி ஆகியவற்றின் வழியாகப் பார்ப்பது, கேட்பது, படிப்பது, பேசுவது, விளையாடுவது, படம் எடுத்து அனுப்புவது, வாங்குவது, விற்பது எல்லாவற்றையும்தான். வாழிடச் சூழல் என்பது ஊரின் பெயர் மட்டுமன்று. அந்த ஊரில் சிக்னல் எப்படி வருகிறது, வீட்டில் எத்தனை அறைகள், எத்தனை பேருக்கு எத்தனை போன், யார் எப்போது வேலைக்குப் போய் எப்போது திரும்புகிறார்கள், மாலையில் பிள்ளைகள் வெளியே போய் நிற்க ஓர் இடம் இருக்கிறதா, யாருடைய கண் அவர்கள்மேல் இருக்கிறது ஆகிய எல்லாம் சேர்ந்ததே அது. நகரம், கிராமம் என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் நமக்கு உண்டு. அந்தப் பிரிவு இந்த விஷயத்தில் அதிகம் உதவுவதில்லை என்பதே என் கருத்து. சேலம் நகருக்குள்ளேயே ஒரு தெரு தள்ளினால் சூழல் மாறிவிடுகிறது.

மணிக்கணக்கில் அளக்கும் பழக்கம் சிறு குழந்தைகளுக்கான அறிவுரையிலிருந்து பெரிய பிள்ளைகளுக்கும் பரவிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகள் உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் ஒரு நாளில் ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. அது ஐந்து வயதுக்குட்பட்டோருக்கானது. அதே நிறுவனம் 2020-இல் 5 முதல் 17 வயதினருக்கு எழுதியபோது, பொழுதுபோக்காகத் திரை பார்ப்பதைக் குறைத்துக்கொள்ளச் சொன்னதே தவிர, மணிக்கணக்காக ஓர் எண்ணைத் தரவில்லை. பதின்பருவத்தினரின் பயன்பாடு அவ்வளவு பலவகைப்பட்டது.

சமூகவியலாளர்கள் இந்த வேறுபாடுகளை டிஜிட்டல் இடைவெளி என்ற சொல்லால் குறிக்கத் தொடங்கியது 1990-களின் நடுப்பகுதியில். அமெரிக்க வணிகத்துறை 1995 முதல் வெளியிட்ட அறிக்கைகளில், யார் வீட்டில் தொலைபேசியும் கணினியும் இருக்கின்றன, யார் வீட்டில் இல்லை என்பதே கேள்வியாக இருந்தது. கருவி வந்துவிட்டால் இடைவெளி அடைபட்டுவிடும் என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருந்தது. 2002-இல் எஸ்தர் ஹர்கிட்டாய் என்ற ஆய்வாளர், ஒரே இணையத்தின் முன் அமரும் மக்களிடமும் தேடிக் கண்டுபிடிக்கும் திறனில் பெரிய வேற்றுமை இருப்பதைக் காட்டி, அதை இரண்டாம் நிலை இடைவெளி என்றார். பின்னர் வந்தவர்கள் மூன்றாம் நிலை ஒன்றையும் சேர்த்தார்கள்: இருவரும் ஒரே அளவு திறனோடு பயன்படுத்தினாலும், அதிலிருந்து கிடைக்கும் நன்மை, அதாவது மதிப்பெண், வேலை, வருமானம், நட்பு, இருவருக்கும் சமமாக இருப்பதில்லை. கிடைத்தல், கையாளுதல், பயனடைதல் என்று இம்மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் மலைமேல் ஏறலாம்.

சேலம் நகரிலிருந்து ஏற்காட்டுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பேருந்தில் செல்போனைக் கையில் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், சிக்னல் கோடுகள் ஏறுவதையும் இறங்குவதையும் கண்டிருப்பார். செல்போன் கோபுரத்திலிருந்து வருவது ரேடியோ அலை. 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் நெடுந்தூரம் செல்லும், மரங்களையும் சுவர்களையும் ஓரளவு ஊடுருவும், மேட்டின் விளிம்பில் சற்றே வளைந்து மறுபக்கத்தையும் எட்டும். 5ஜி சேவையின் வேகத்துக்குக் காரணமான 3.5 கிகாஹெர்ட்ஸ் அளவிலான அலைகள் மிகுந்த தகவலைச் சுமக்கும், ஆனால் அவ்வளவு தூரம் போகா, தடையைத் தாண்டவும் சிரமப்படும். சமவெளியில் கோபுரத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்பவருக்குக் கிடைப்பது, மலையில் அதே தொலைவில் பள்ளத்துக்குள் வீடு கட்டியவருக்குக் கிடைக்காமல் போவது இதனால்தான். இடையில் நிற்கும் குன்று அந்த வீட்டின் மேல் நிழல் விழச் செய்கிறது. வெயிலின் நிழலைப் போல இது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

கோபுரம் ஒன்றின் கொள்ளளவும் பொதுச் சொத்து. அதன் எல்லைக்குள் இருக்கும் எல்லோரும் அதைப் பகிர்ந்துகொள்கிறார்கள். கோடை விடுமுறையில் ஏற்காட்டு ஏரியைச் சுற்றிலும் வெளியூர்க் கூட்டம் நின்று படமெடுத்து உடனுக்குடன் அனுப்பும்போது, அதே கோபுரத்தை நம்பியிருக்கும் உள்ளூர் மாணவியின் பாடக் காணொளி சுற்றிச் சுற்றி நிற்பதில் வியப்பில்லை. மழைக்காலத்தில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தால் கோபுரம் மின்கல இருப்பில் சில மணி நேரம் ஓடும், பிறகு அதுவும் ஓயும். இவையெல்லாம் முதல் நிலைக்குள் அடங்குபவை. கிராம ஊராட்சிகளுக்கு ஒளியிழைக் கம்பி கொண்டு செல்லும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011-இல் ஒப்புதல் அளித்தது. அது பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாறியது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைப்பது அதன் நோக்கம். ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை கம்பி வருவதும், அந்த ஊராட்சிக்கு உட்பட்ட பல மலைக் குக்கிராமங்களுக்கு இணையம் வருவதும் ஒன்றல்ல.

இம்மலையின் பழங்குடி மக்கள் மலையாளிகள் எனப்படுகின்றனர். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. அவர்கள் பேசுவது தமிழ். மலைக் கிராமம் ஒன்றில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணையும் அவளுடைய அண்ணனையும் கற்பனை செய்துகொள்வோம். வீடு பள்ளத்தில். வீட்டுக்குள் பேசுவதற்கு மட்டும் சிக்னல் எட்டும், படம் ஓடாது. ஊருக்கு மேலே உள்ள மேட்டில் ஏறினால் இணையம் ஓடும். மாலையானால் இளைஞர்கள் அங்கே கூடுகிறார்கள். முதலில் சிக்னலுக்காகப் போனவர்கள், பிறகு பேசுவதற்கும் விளையாடுவதற்கும், ஒருவர் போனில் இருப்பதை மற்றவருக்கு அனுப்புவதற்கும் அங்கே இருக்கிறார்கள். தேர்வு அறிவிப்பு, வேலைவாய்ப்புச் செய்தி, புதிய செயலியைப் பயன்படுத்தும் முறை எல்லாம் அந்த மேட்டில்தான் கைமாறுகின்றன. இருட்டும் நேரத்தில் அந்தப் பெண் மேட்டுக்குப் போக முடியாது. யாரும் தடை என்று எழுதி வைக்கவில்லை. போகக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும், வீட்டாருக்கும் தெரியும். அண்ணன் திரும்பி வந்து, தன் போனில் பதிவிறக்கி வைத்ததைக் காட்டினால் அவளுக்கு உண்டு. கணக்கெடுப்பவர் வந்து கேட்டால், இந்த ஊரில் இணையம் உண்டு என்றும், இந்த வீட்டில் ஸ்மார்ட்போன் உண்டு என்றும் எழுதிச் செல்வார். இரண்டும் உண்மை. அவளுக்கு இணையம் இல்லை என்பதும் உண்மை.

சிக்னலின் நிழல் குன்றால் விழுகிறது, இன்னொரு நிழல் வழக்கத்தால் விழுகிறது. வாழிடச் சூழல் என்ற கருத்தை ஒரே எடுத்துக்காட்டால் விளக்கச் சொன்னால் நான் இந்த மேட்டைத்தான் சொல்வேன்.

போன் யாருடையது

ஏசர் எனப்படும் கிராமப்புறக் கல்வி ஆய்வு 2024-ஆம் ஆண்டுக்காக நாடு முழுவதும் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டபோது, 82.2 விழுக்காட்டினர் ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரியும் என்றனர். முந்தைய வாரத்தில் கல்வி தொடர்பாக அதைப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காட்டினர், சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காட்டினர். இந்த எண்களைப் படித்தவுடன் பிள்ளைகள் படிக்காமல் ரீல்ஸ் பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் பயன்படுத்தத் தெரிந்தவர்களிலும் சொந்தமாகப் போன் வைத்திருந்தவர்கள் சிறுபான்மையினரே என்பதையும், அதிலும் பையன்களின் பங்கு பெண்களின் பங்கைவிட அதிகம் என்பதையும் அதே ஆய்வு காட்டுகிறது. பெரும்பாலான பிள்ளைகள் கையில் வைத்திருப்பது இன்னொருவரின் போன். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், இந்தியப் பெண்களில் 54 விழுக்காட்டினர் மட்டுமே தாமே பயன்படுத்தும் செல்போன் வைத்திருந்தனர். இணையத்தை ஒரு முறையேனும் பயன்படுத்தியவர்கள் பெண்களில் 33 விழுக்காடு, ஆண்களில் 57 விழுக்காடு. ஆகவே வீட்டுப் போன் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அப்பாவின் போன் அல்லது அண்ணனின் போன்.

பகிரப்படும் போன் தனிப் போனைவிடக் குறைவான நேரம் கிடைக்கும் போன் மட்டுமன்று, அது வேறு வகைக் கருவி என்றே கொள்ள வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கவோ மிளகு பறிக்கவோ காலையில் போகும் அப்பா போனையும் எடுத்துப் போகிறார். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பிற்பகல் நான்கு மணிக்கு ஆசிரியர் அனுப்பும் வீட்டுப்பாடம் அவருடைய சட்டைப் பையில் வந்து விழுகிறது. மகளின் கைக்கு அது வரும்போது இரவு எட்டு மணி. அந்த நேரத்தில் மாமாவோ சித்தியோ அழைத்தால் பாடம் நின்றுவிடும். பதிவு செய்யும் எந்தச் சேவைக்கும் ஒருமுறைக் கடவுச்சொல் அப்பாவின் எண்ணுக்கு வருகிறது, எனவே அவர் பக்கத்தில் இல்லாமல் உதவித்தொகை விண்ணப்பம்கூட முடியாது. தோழி அனுப்பும் செய்தியை முதலில் படிப்பவர் அவளாக இருக்க மாட்டாள். அது தெரிந்திருப்பதால் தோழியும் மனத்தில் உள்ளதை எழுத மாட்டாள்.

யூடியூப் போன்ற தளங்கள் ஒரு கணக்கில் பார்க்கப்பட்டதைக் கொண்டு அடுத்து எதைக் காட்டலாம் என்று கணிக்கின்றன. அந்தக் கணிப்பு, ஒரு கணக்குக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்ற எண்ணத்தின்மீது கட்டப்பட்டது. லைன் வீட்டில் அந்த ஒரு கணக்குக்குப் பின்னால் ஐந்து பேர் இருக்கிறார்கள். அப்பா பார்த்த அரசியல் விவாதம், தம்பி பார்த்த பொம்மைப் பாட்டு, பாட்டிக்காகப் போட்ட அம்மன் பாடல், மகளின் முக்கோணவியல் பாடம் எல்லாம் ஒன்றாகக் கலந்து, எவருக்கும் பொருந்தாத ஒரு வரிசையைத் திரை நீட்டுகிறது. தனிப் போன் வைத்திருக்கும் ஃபேர்லேண்ட்ஸ் மாணவருக்கு அதே தளம் பாடத்துக்கு மேல் பாடமாக எடுத்துக் கொடுக்கலாம், அல்லது கேளிக்கைக்கு மேல் கேளிக்கையாகத் தள்ளிக்கொண்டும் போகலாம். நன்மையோ தீமையோ, அவருக்குக் கிடைப்பது அவருடைய பழக்கத்தின் எதிரொலி. லைன் வீட்டு மாணவிக்குக் கிடைப்பது வீட்டின் எதிரொலி.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பகிரும் போனில் பெரியவர்களின் பார்வை இயல்பாகவே இருப்பதால், முன்பின் தெரியாத ஒருவர் பிள்ளையோடு பேசத் தொடங்கினால் வீட்டார் கண்ணில் படும் வாய்ப்பு அதிகம். தனி அறையில் தனிப் போனோடு இருக்கும் பிள்ளைக்கு அந்தக் காவல் இல்லை. 2010-இல் ஐரோப்பாவின் 25 நாடுகளில் 25,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் சோனியா லிவிங்ஸ்டன் தலைமையில் நடந்த ஆய்வின் முக்கிய முடிவும் இதோடு ஒத்துப்போகிறது: பயன்பாடும் திறனும் கூடக் கூட வாய்ப்புகளும் கூடுகின்றன, ஆபத்துகளைச் சந்திப்பதும் கூடுகிறது. ஒன்றை மட்டும் பெற்று இன்னொன்றைத் தவிர்க்கும் சூழல் எங்கும் இல்லை.

தறி வீடு

சேலத்துக்குள் வருவோம். அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி ஆகிய பகுதிகளில் விசைத்தறி வீட்டோடு சேர்ந்தே இருக்கிறது. தறி ஓடும்போது எழும் ஓசையை அங்கே வளர்ந்தவர்கள் ஓசையாகவே எண்ணுவதில்லை, தறி நின்றால்தான் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த வீட்டில் ஒரு கல்லூரி மாணவர் இணையவழிப் பாடம் கேட்க வேண்டுமானால் காதில் இயர்போன் இல்லாமல் முடியாது. வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்டால் அவர் ஒலிவாங்கியைத் திறக்கவும் தயங்குவார், திறந்தால் தறிச் சத்தம் வகுப்பு முழுவதும் கேட்கும். 2020-இல் கொரோனாவால் பள்ளி கல்லூரிகள் மூடப்பட்டபோது, பதில் சொல்லாத பிள்ளைகள் கவனமில்லாதவர்கள் என்று எண்ணப்பட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் இப்படி வாயடைத்து அமர்ந்திருந்தார்கள் என்பதை எந்த வருகைப் பதிவேடும் காட்டாது. நகரின் நடுவில், நல்ல சிக்னலோடு, சொந்தப் போனோடு இருந்தும் இரண்டாம் நிலையில் சறுக்கிவிட முடியும் என்பதற்கு இந்த வீடு சான்று.

அதே மாணவரின் திரை நேரத்தில் ஒரு பகுதி உழைப்பு. சேலை என்றாலே நினைவுக்கு வரும் இளம்பிள்ளை போன்ற ஊர்களில், வீட்டுப் பிள்ளைகள் சேலையை விரித்துப் படமெடுத்து, முந்தானையைத் தனியாகக் காட்டி, விலை எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், வருகிற ஆர்டரைக் குறித்துக்கொள்கிறார்கள், பணம் வந்ததா என்று பார்க்கிறார்கள். வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் வீடுகளிலும் மாதிரிப் படங்கள் இப்படியே போய் வருகின்றன. ஒரு நாளில் நான்கு மணி நேரம் போன் பார்த்தான் என்று போனின் கணக்கு சொன்னால், அதில் இரண்டு மணி நேரம் அவன் அப்பாவின் வியாபாரத்தைப் பார்த்திருக்கிறான். பையன் எப்போதும் போனும் கையுமாக இருக்கிறான் என்று குறை சொல்லும் உறவினர் அதே வாட்ஸ்அப் படத்தைப் பார்த்துத்தான் சேலை வாங்கியிருப்பார். இந்த உழைப்பு திறனையும் வளர்க்கிறது, தூக்கத்தையும் எடுத்துக்கொள்கிறது. பொழுதுபோக்கு, படிப்பு, வேலை என்று மூன்றாகப் பிரிக்காமல் நேரத்தை அளக்கும் எந்தக் கணக்கும் இத்தகைய வீடுகளைத் தவறாகவே படிக்கும்.

விடுதி

ஏற்காட்டில் 1917 முதல் இயங்கும் மான்ட்ஃபோர்ட் பள்ளி உட்படப் பழைய உறைவிடப் பள்ளிகள் உள்ளன. மலைவாழ் பிள்ளைகளுக்கென அரசு நடத்தும் உண்டு உறைவிடப் பள்ளிகளும் உள்ளன. பொதுவாக உறைவிடப் பள்ளி என்றால் செல்போனுக்கு இடமில்லை, அல்லது குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் மட்டும். இதனால் அங்கே பயன்பாடு குறைவு என்று சொல்வதைவிட, பயன்பாடு பருவகாலம்போல் வந்து போகிறது என்று சொல்வதே பொருந்தும். பள்ளி நடக்கும் மாதங்களில் ஏறத்தாழ இல்லை, விடுமுறையில் விடிய விடிய. விடுமுறைக்கு வந்த பிள்ளையைப் பார்த்துப் பெற்றோர் அஞ்சுவது இயற்கை. ஆனால் நான்கு மாதம் பேசாதிருந்த நண்பர்களையும், தவறவிட்ட செய்திகளையும், வீட்டுத் தம்பி தங்கைகளின் நகைச்சுவைகளையும் எட்டிப் பிடிக்க அவனுக்குக் கிடைப்பது அந்தப் பத்து நாள்தான்.

கல்லூரி விடுதியில் நிலை வேறு. அங்கே தங்கியிருப்பவர்கள் பெரும்பாலும் 18 வயது நிறைந்தவர்கள், ஆனாலும் போன் வார்டனின் அலமாரிக்குப் போகும் நேரம் ஒன்று பல விடுதிகளில் உண்டு, பெண்கள் விடுதிகளில் அது முன்கூட்டியே வரும். கோழிக்கோட்டுப் பகுதிக் கல்லூரி ஒன்றின் விடுதி மாணவி இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தபோது, இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் பகுதியாகவும் தனியுரிமையின் பகுதியாகவும் அமையும் என்று கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. விடுதி விதி என்பது வாழிடச் சூழலின் ஒரு கூறு, அதை மாற்றவும் முடியும் என்பதற்கு இது நல்ல சான்று. குன்றின் நிழலை அப்படி மாற்ற முடியாது.

தெருவும் திரையும்

இளையோர் ஏன் இவ்வளவு நேரம் இணையத்தில் இருக்கிறார்கள் என்று அமெரிக்காவில் பல ஆண்டுகள் ஆராய்ந்த டானா பாய்ட், அவர்களை ஈர்ப்பது கருவி அன்று, கருவிக்கு மறுபுறம் இருக்கும் நண்பர்களே என்று கண்டார். வெளியே போய்க் கூடி நிற்க இடமும் நேரமும் அனுமதியும் குறைந்துபோன பிள்ளைகள் அந்தக் கூடுகையை இணையத்துக்கு மாற்றிக்கொள்கிறார்கள் என்பது அவருடைய வாதம். அமெரிக்கப் புறநகர்களைப் பற்றிச் சொன்னது சேலத்துக்கு அப்படியே பொருந்தாது. நம் பையன்களுக்குத் தேநீர்க் கடை வாசல் இருக்கிறது, மைதானம் இருக்கிறது, கோயில் திருவிழா இருக்கிறது. ஆனால் பதினாறு வயதுப் பெண்ணுக்கு மாலை ஆறு மணிக்கு மேல் தோழிகளோடு காரணமின்றி நின்று பேச எந்த இடம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், பாய்டின் வாதம் நம் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும். அவளுடைய தெரு இன்ஸ்டாகிராமில் இருக்கிறது. அதையும் பிடுங்கிக்கொள்வது கேடு விளைவிக்கும் பழக்கத்தைத் தடுப்பதாக வீட்டாருக்குத் தோன்றும், அவளுக்கோ தெருவிலிருந்து மீண்டும் ஒருமுறை உள்ளே அழைக்கப்பட்டதாகவே இருக்கும்.

இந்தத் தெரு எவ்வளவு வேகமாக உருமாறுகிறது என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டா விலை வீழ்ந்தது, அதுவரை எண்ணி எண்ணிப் பார்த்த வீடுகளில் காணொளி தண்ணீர்போல் ஓடத் தொடங்கியது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகள் தடை செய்யப்பட்டன. சிறு நகரங்களிலும் கிராமங்களிலும் ஆடியும் பாடியும் நடித்தும் பேர் பெற்றிருந்த பிள்ளைகள் ஒரே நாளில் மேடை இழந்தார்கள். சில நாள்களில் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது.

அளவீடுகளைப் படிக்கும் முறை

ஆய்வு முடிவு என்று செய்தித்தாளில் வரும் எண்களைப் படிக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள் தேவை. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டு மக்கள் வாயால் சொல்லும் விடை, போனே பதிவு செய்து வைத்திருக்கும் கணக்கோடு பல வேளைகளில் ஒத்துப்போவதில்லை. பகிரும் போனிலோ போனின் கணக்கும் பயனில்லை, அது ஐந்து பேரின் நேரத்தைச் சேர்த்துச் சொல்லும். அடுத்து, ஆய்வு எங்கே நடந்தது என்று பார்க்க வேண்டும். 2019-இல் ஆமி ஆர்பன், ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி ஆகியோர் அமெரிக்கா, பிரிட்டன் நாடுகளின் 3,55,358 பதின்பருவத்தினர் பற்றிய தரவுகளை ஆராய்ந்து, அவர்களின் மனநலத்தில் காணப்படும் வேறுபாட்டில் டிஜிட்டல் தொழில்நுட்பப் பயன்பாட்டோடு தொடர்புபடுத்தக் கூடியது அதிகபட்சம் 0.4 விழுக்காடு என்று கண்டார்கள். போன் தீங்கற்றது என்பதற்கான சான்றிதழாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லோரையும் சேர்த்துச் சராசரி பார்க்கும்போது மிகச் சிறிதாகத் தெரிவது, தூக்கம் கெட்ட ஒரு பிள்ளைக்கு மிகப் பெரிதாக இருக்கலாம். தறி வீட்டையும் லைன் வீட்டையும் பார்த்திராத தரவு அது என்பதும் நினைவிருக்க வேண்டும்.

சட்டமும் பெரும்பாலும் தனி அறை, தனிப் போன் உள்ள பிள்ளையை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது. 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரைக் குழந்தையாகக் கொண்டு, அவர் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. அப்பாவின் எண்ணில், அப்பாவின் கணக்கில் நுழையும் பிள்ளை அந்த வாசலில் பெரியவராகவே பதிவாகிறது. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண்ணுக்கு யாரோ தொல்லை கொடுத்தால் அவள் சொல்லத் தயங்குவதற்கு முதன்மையான காரணம், சொன்ன மறுநொடி போன் பறிபோகும் என்பது. குழந்தைகளுக்கான 1098, இணையக் குற்றங்களுக்கான 1930 ஆகிய எண்களைச் சுவரில் எழுதி வைப்பது நல்லது. சொன்னால் போனை வாங்க மாட்டோம் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைப்பது அதைவிட அவசரமானது.

இனி பெற்றோர் கூட்டத்துக்குத் திரும்பலாம். எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்கு அங்கே ஆசிரியர் திருப்பிக் கேட்கக் கூடியவை பல உண்டு. போன் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறது? பிள்ளை எங்கே உட்கார்ந்து பார்க்கிறது, சத்தம் கேட்கிறதா? படம் ஓட எங்கே போக வேண்டியிருக்கிறது? இரவு போன் எங்கே தூங்குகிறது, பிள்ளையின் தலைமாட்டிலா, அலமாரியிலா? இவற்றுக்குக் கிடைக்கும் விடைகள் பள்ளியின் வழக்கத்தையும் மாற்றக் கூடும். பத்து நிமிடக் காணொளி பல பத்து மெகாபைட் எடுக்கும், அதே வீட்டுப்பாடத்தை எழுத்தாகத் தட்டினால் சில கிலோபைட்டுகளே ஆகும், அது பேசுவதற்கு மட்டும் எட்டும் பள்ளத்து வீட்டுச் சிக்னலிலும் மெல்ல வந்து சேரும். யூடியூப் 2014-லேயே இந்தியாவில் கொண்டுவந்த ஆஃப்லைன் வசதியைக் கொண்டு, பள்ளியில் இணையம் இருக்கும்போதே பாடத்தைப் பதிவிறக்கிக் கொடுத்தால் மேட்டுக்குப் போகும் அண்ணனுக்காக ஒருத்தி காத்திருக்க வேண்டியதில்லை. எட்டு மணிக்கு அப்பாவின் போன் கைக்கு வரும் பிள்ளையிடம் ஆறு மணிக்குள் விடையை அனுப்பச் சொல்லாமல், மறுநாள் காலை வகுப்பில் நோட்டில் காட்டச் சொன்னாலும் போதும்.